மெட்ராஸ் டி.வி.யின் மாலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1975 முதல் ஏறக்குறைய 1985 வரையிலான சென்னைத் தொலைக்காட்சியைப் பற்றி வரும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று வகை ஆட்களிடமிருந்து வருகின்றன: அந்தக் காலத்தில் நடப்பதாகக் கதையோ படமோ செய்பவர்கள், நினைவில் குழம்பிக் கிடக்கும் தேதிகளைச் சரிபார்க்க நினைப்பவர்கள், பரணில் இருக்கும் பழைய பெட்டியை உயிர்ப்பிக்க ஆசைப்படுபவர்கள். மூவருக்கும் சேர்த்து இந்தப் பக்கம். அந்த மாலைகளை வடிவமைத்தது ரசனை என்று பலர் எழுதுகிறார்கள். எங்கள் கணிப்பில் அதில் பெரும்பங்கு கருவிகளுக்கும் கடிகாரத்துக்கும்தான். பதில்களைப் படிக்கும்போது அது தெரியும்.

சென்னையில் டி.வி. எப்போது தொடங்கியது? இந்தியாவின் எத்தனையாவது நிலையம்?

1975 ஆகஸ்ட் 15. டெல்லியில் 1959 செப்டம்பர் 15 அன்றே சோதனை ஒளிபரப்பு தொடங்கிவிட்டது. ஆனால் அது வாரத்துக்கு இரண்டு நாள் மட்டுமே. தினசரி ஒளிபரப்பு 1965-ல்தான் வந்தது. அதன்பின் பம்பாய் (1972 அக்டோபர் 2), 1973-ல் ஸ்ரீநகரும் அமிர்தசரசும், பிறகு கல்கத்தா (1975 ஆகஸ்ட் 9). கல்கத்தாவுக்கு ஆறு நாள் கழித்து சென்னை, இந்த வரிசையில் ஆறாவது. அதே ஆண்டு நவம்பரில் லக்னோ.

தேதியைக் கவனித்தால் இன்னொன்றும் புரியும்: நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது 1975 ஜூன் 25. சென்னை நிலையம் பிறந்ததே அதற்குள்தான். முதல் ஒன்றரை ஆண்டுச் செய்திகளைப் பற்றி எழுதுபவர்கள் இதை மறந்துவிட்டு, 'நடுநிலையான அரசுச் செய்தி' என்று எழுதுவதைப் பார்க்கிறோம். தணிக்கை அமலில் இருந்த காலம் அது.

தொடங்கும்போதே 'தூர்தர்ஷன்' தானா?

தனித் துறையாக இல்லை. அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவாகவே இயங்கியது. 1976 ஏப்ரல் 1 அன்றுதான் வானொலியிலிருந்து பிரித்துத் தனியாக்கினார்கள். இரண்டு வளைவுகள் சுழன்று வந்து கண் போல நிற்கும் அந்தச் சின்னமும், கூடவே வரும் இசையும் திரைக்கு வந்தது அப்போதுதான். சின்னத்தை வரைந்தவர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் மாணவர். இசையில் பண்டிட் ரவிசங்கரின் பங்கு உண்டு. ஆகவே 1975 தீபாவளியன்று நடக்கும் காட்சியில் சுழலும் சின்னத்தைக் காட்டாதீர்கள்.

அந்த வருடம் செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்கு டி.வி. வந்ததே, அதுதானா இது?

இல்லை, இரண்டும் ஒரே மாதத்தில் தொடங்கியதால் வரும் குழப்பம். 'சைட்' என்ற செயற்கைக்கோள் கல்வித் திட்டம் 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடந்தது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 கோள் வழியாக 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குப் போனது. ஆந்திரமும் கர்நாடகமும் அதில் உண்டு, தமிழ்நாடு இல்லை. சென்னை நிலையம் கோபுரத்திலிருந்து நேரடியாக வீடுகளுக்கு ஒளிபரப்பிய சாதாரணத் தரைவழி நிலையம்.

ஒரு வார நாள் மாலை எந்த வரிசையில் ஓடியது?

நேரங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறின. வரிசை அவ்வளவாக மாறவில்லை.

முதலில் வடிவச் சோதனைப் படம்: வட்டமும் கட்டங்களும், பின்னணியில் ஒரே சீராக ஒரு ஊதல் ஒலி அல்லது வாத்திய இசை. பார்ப்பவர் பெட்டியைச் சரிசெய்துகொள்ளத்தான் இது. வட்டம் முட்டையாகத் தெரிந்தால் உயரத்தை மாற்ற வேண்டும், கட்டங்கள் மேலே நெருங்கியிருந்தால் 'லீனியாரிட்டி'யைத் திருப்ப வேண்டும். பிறகு சின்னம், இசை, அறிவிப்பாளர் முகம், 'வணக்கம்'. அன்றைய நிகழ்ச்சிகளை அவர் ஒருமுறை சொல்லிவிடுவார்.

முதலில் வருபவை குழந்தைகளுக்கோ உழவர்களுக்கோ உரியவை. 'வயலும் வாழ்வும்' பொழுது சாயும் வேளையில் வைக்கப்பட்டதற்குக் காரணம் எளிது: வயலிலிருந்து திரும்பியவர்கள், ஊருக்குப் பொதுவாக வைத்த சமூகப் பெட்டியின் முன் உட்காரும் நேரம் அது. நகரத்துக்காரர்கள் அதை ஆன்டெனா திருப்பிப் பார்க்கும் நேரமாகப் பயன்படுத்தினார்கள். அதன்பின் தமிழ்ச் செய்தி, பிறகு அன்றைய முக்கிய நிகழ்ச்சி: நாடகம், கர்நாடக இசை, பேட்டி, கவியரங்கம், பட்டிமன்றம் போல ஒன்று. தொடக்க ஆண்டுகளில் ஒரு வார நாளின் மொத்த ஒளிபரப்பு மூன்று மணி நேரத்துக்கு முன்பின்.

நடுநடுவே இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று ஒரு வீணைக் கச்சேரித் துண்டோ, அரசின் படத் தயாரிப்பு அமைப்பான ஃபிலிம்ஸ் டிவிஷனின் குறும்படமோ வரும். பார்ப்பவருக்கு எரிச்சல். உள்ளே இருப்பவர்களுக்கு உயிர்மூச்சு. செட்டை மாற்ற, விளக்கைத் திருப்ப, மைக்கை அடுத்தவர் சட்டையில் மாட்ட அந்த ஐந்து நிமிடம்தான் அவகாசம். பெரும்பாலான நிகழ்ச்சிகள் நேரடியாகப் போன காலத்தில், ஒரே அரங்கில் அடுத்தடுத்து இரண்டு அரங்க நிகழ்ச்சிகளை வைக்க முடியாது. அரங்கம், ஃபிலிம், அரங்கம், ஃபிலிம் என்று மாற்றி மாற்றித்தான் மாலை கட்டப்பட்டது. பழைய நிகழ்ச்சி நிரல் ஏதாவது கையில் கிடைத்தால் இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள்.

எந்தக் கிழமை எது?

எல்லோருக்கும் நினைவிருப்பது வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்'. சினிமாப் பாட்டுக்கான அரை மணி நேரம். பாட்டு ஒன்றுக்கு நான்கரை நிமிடம் என்று வைத்தால் ஆறு பாட்டுக்கு மேல் இடமில்லை. 'நூறு பாட்டு போட்டார்கள்' என்ற தோரணையில் எழுதப்படும் நினைவுக் குறிப்புகளை நம்பாதீர்கள். அந்த ஆறில் ஒன்றிரண்டு மிகப் பழையவையாக இருக்கும், ஒன்றுதான் புதுப்படம். எந்தப் படத்திலிருந்து எது வரும் என்பது முன்கூட்டித் தெரியாது என்பதுதான் தெருவே கூடியதற்குக் காரணம்.

செவ்வாய்க்கிழமை நாடகம். ஞாயிறு மாலை திரைப்படம். பார்வையாளர் கடிதங்களுக்குப் பதில் சொல்ல 'எதிரொலி'. வரும் வாரம் என்னென்ன என்று சொல்ல 'முன்னோட்டம்'. அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் படம் எதுவென்று தெரிந்துகொள்ள இதைப் பார்த்தவர்களே அதிகம்.

ஞாயிற்றுக்கிழமைப் படத்தை எப்படி ஒளிபரப்பினார்கள்? தியேட்டரில் ஓடும் அதே ஃபிலிம்தானா?

ஆம், ஃபிலிம் பிரதிதான். 'டெலிசினி' என்ற அமைப்பில் ஏற்றி ஓட்டினார்கள். புரொஜெக்டரின் ஒளி திரையில் விழாமல் நேராக ஒரு டி.வி. கேமராவின் குழலுக்குள் விழும். புரொஜெக்டர்களையும் ஸ்லைடு கருவியையும் கண்ணாடிகள் வழியாக ஒரே கேமராவுக்குக் கொண்டுவரும்படி அமைத்திருப்பார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சினிமா நொடிக்கு 24 பிரேம், நம் டி.வி. முறையோ நொடிக்கு 25. அந்த ஒரு பிரேம் வித்தியாசத்துக்காகத் தனிக் கருவி வைக்காமல், படத்தையே 25 பிரேம் வேகத்தில் ஓட்டிவிடுவார்கள். 14,000 அடி நீளமுள்ள 35 மி.மீ. படம் தியேட்டரில் 155 நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும், டி.வி.யில் 149 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆறு நிமிடம் வெட்டிவிட்டார்கள் என்று திட்டியவர்கள் உண்டு. வெட்டவே இல்லை. வேகம் நூற்றுக்கு நாலு கூடியதால் குரலும் ஏறும், அரைக் கட்டையை எட்டாத அளவுக்கு. நல்ல சுருதி ஞானம் உள்ளவர்கள் மட்டும் 'இந்தப் பாட்டு இங்கே ஏதோ மாதிரி இருக்கே' என்பார்கள்.

1,000 அடி ரீல் ஒன்று இந்த வேகத்தில் 10 நிமிடம் 40 நொடி. 2,000 அடியாக ஒட்டிய ரீல் 21 நிமிடத்துக்குச் சற்று மேல். ரீல் முடியும்போது அடுத்த புரொஜெக்டரைச் சரியாகத் தொடங்க வேண்டும். பிரேமின் வலது மேல் மூலையில் கண நேரம் மின்னி மறையும் கரும்புள்ளியோ வட்டமோதான் அதற்கான அடையாளம். முதல் புள்ளிக்கு மோட்டாரை ஓடவிடுவது, இரண்டாவது புள்ளிக்கு மாற்றுவது. வீட்டில் பார்த்தவர்களும் இந்தப் புள்ளிகளைப் பார்த்திருப்பார்கள், காரணம் தெரிந்திருக்காது.

சினிமாஸ்கோப் படம் என்றால் தலைவலி. தமிழில் ஸ்கோப் படம் 1973-ல்தான் தொடங்கியது என்பதால் தொடக்க வருடங்களில் ஒளிபரப்பான பழைய படங்களுக்குப் பிரச்சினை இல்லை; அவற்றின் சட்டகம் 4-க்கு 3 என்ற டி.வி. திரைக்கு நெருக்கமானது. ஸ்கோப் ஃபிலிமில் படம் பக்கவாட்டில் நசுக்கப்பட்டிருக்கும். விரிக்கும் லென்ஸ் இல்லாமல் ஓட்டினால் எல்லோரும் ஒட்டடைக்குச்சி மாதிரி நெட்டையாகத் தெரிவார்கள். சரியாக விரித்து முழுப் படத்தையும் காட்டினால் திரை உயரத்தில் ஐம்பத்தேழு சதவீதம்தான் படம், மீதி கறுப்புப் பட்டை. விரித்து நடுப்பகுதியை மட்டும் காட்டினால் ஓரத்தில் நிற்பவர் காணாமல் போவார். மூன்றுமே நடந்திருக்கின்றன. டைட்டில் மட்டும் நெட்டையாக ஓடி, படம் தொடங்கியதும் ஓரம் வெட்டுப்படுவது வழக்கமான சமரசம்: பெயர்கள் வெட்டுப்படக்கூடாது அல்லவா.

'தடங்கலுக்கு வருந்துகிறோம்' ஏன் அவ்வளவு அடிக்கடி வந்தது?

ஃபிலிம் அறுந்தால், ஒலித்தடம் போனால், வெளி ஊரிலிருந்து வரும் இணைப்பு விட்டால், அரங்கில் கேமரா செத்தால் – எது நடந்தாலும் கைக்கு எட்டிய ஒரே மாற்று அந்த ஸ்லைடு. டெலிசினியிலேயே ஸ்லைடு கருவியும் இருந்ததால் ஒரு விசை அழுத்தினால் போதும். பலமுறை ஓடிய தியேட்டர் பிரதிகளில் துளைகள் கிழிந்திருக்கும். ஒட்டுகள் வெப்பத்தில் விட்டுப்போகும். தியேட்டரில் விசில் பறக்கும் அதே தடங்கல்தான், இங்கே மரியாதையாக ஒரு வாக்கியத்தோடு. உங்கள் படத்தில் இந்த ஸ்லைடைக் காட்டுவதானால் அசையாத எழுத்தாக வையுங்கள். மெல்ல மறைந்து தோன்றும் எழுத்து அந்தக் காலத்துக்கு உரியதல்ல.

செய்தி எப்படித் தயாரானது?

கேமராமேன் 16 மி.மீ. கேமராவோடு போவார். 100 அடிச் சுருள் ஒன்று 25 பிரேம் வேகத்தில் 2 நிமிடம் 40 நொடிதான் ஓடும். பயன்படுத்தியது ரிவர்சல் ஃபிலிம். கழுவியதும் நேராகப் பாசிட்டிவ் கிடைத்துவிடும், பிரதி எடுக்கும் நேரம் மிச்சம். இருந்தாலும் கொண்டுவர, கழுவ, உலர்த்த, வெட்டி ஒட்ட எல்லாம் சேர்த்தால் பிற்பகலுக்கு மேல் நடந்தது அன்றைய செய்தியில் படமாக வருவது கஷ்டம். அதனால்தான் விழாக்கள் காலையில் நடந்தால் படம், மாலையில் நடந்தால் வெறும் வாசிப்பு. ஒலி பதியாத படமே பெரும்பாலும். மேலே வாசிப்பாளரின் குரல் ஓடும். படமே இல்லாத செய்திக்கு நிழற்படத்தையோ வரைபடத்தையோ அட்டையில் ஒட்டி, சட்டத்தில் நிறுத்தி, அரங்கக் கேமராவால் காட்டுவார்கள்.

வாசிப்பாளர் முன்னால் எழுத்து ஓடும் கருவி கிடையாது. தாளைப் பார்த்து, ஒரு வரியை மனதில் வாங்கி, நிமிர்ந்து சொல்லி, மறுபடி குனிய வேண்டும். எண்பதுகளில் ஷோபனா ரவி, வரதராஜன், ஈரோடு தமிழன்பன் போன்றோர் பெயர் வாங்கியதில் உச்சரிப்புக்கு எவ்வளவு பங்கோ, இந்தக் குனிதல் நிமிர்தலை உறுத்தாமல் செய்ததற்கும் அவ்வளவு பங்கு. இன்று அந்தப் பாத்திரத்தில் நடிப்பவர்கள் கேமராவையே வெறித்துப் பார்த்து வாசிக்கிறார்கள். அது தவறு.

கறுப்பு வெள்ளையில் எடுப்பதற்கு உடை, செட் எப்படி இருக்க வேண்டும்?

இன்று வண்ணத்தில் எடுத்து நிறத்தை நீக்கினால் அந்தத் தோற்றம் வராது, ஏனென்றால் அன்று நிறங்களைத் தேர்ந்ததே சாம்பல் அளவை மனதில் வைத்துத்தான். அரக்குச் சிவப்பும் இலைப்பச்சையும் கண்ணுக்கு எதிரெதிர். கேமராவுக்கு இரண்டும் ஒரே சாம்பல். பச்சை உடலில் சிவப்புக் கரை போட்ட புடவை டி.வி.யில் கரையில்லாப் புடவை. தூய வெள்ளை வேட்டி சட்டை விளக்கில் வெந்து, முகத்தைக் கறுப்பாக்கிவிடும். ஆகவே சந்தன நிறம், இளநீலம். அகலச் சரிகையின் பளபளப்பு குழல் கேமராவில் ஒரு கறையாகத் தங்கி, ஆள் நகர்ந்த பிறகும் வால் போல இழுபடும். நெருக்கமான கோடு போட்ட சட்டை, திரைப் படத்தை உருவாக்கும் 625 வரிகளோடு மோதி நெளியும். வாத்தியங்களில் கடத்தின் மண் நிறமும் மேடைத் துணியும் ஒன்றாகிவிடாமல் பார்த்துக்கொள்வது தனிக் கலை.

இந்தி நிகழ்ச்சிகள் எப்போதிலிருந்து?

1982 ஆகஸ்ட் 15 முதல். தேசிய நிகழ்ச்சி என்ற பெயரில் இரவில் ஒரு பகுதியை எல்லா நிலையங்களும் டெல்லியிலிருந்து வாங்கி ஒளிபரப்பத் தொடங்கின. அதற்கு முன் சென்னையின் மாலை தொடக்கம் முதல் முடிவு வரை பெரும்பாலும் சென்னையிலேயே தயாரானது. 1982-க்குப் பிறகு இரவு எட்டரை மணி சுமாருக்குத் தமிழ் முடிந்து இந்திச் செய்தி தொடங்கும். பல வீடுகளில் சோறு போடும் நேரமும் அதுவாகிப் போனது. 1982 ஏப்ரலில் ஏவிய இன்சாட்-1ஏ செயற்கைக்கோள் அதே ஆண்டு செப்டம்பரில் செயலிழந்தது. 1983 ஆகஸ்டில் போன இன்சாட்-1பி வந்த பிறகே நாடு தழுவிய இணைப்பு நிலைத்தது. இடைப்பட்ட காலத்துக் கதையில் இணைப்பு விட்டுப்போவதாக வைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

விளம்பரம் இருந்ததா?

1976 ஜனவரி 1 முதல் உண்டு. நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் கொத்தாக வரும், நடுவில் வெட்டாது. நிறுவனங்கள் பணம் போட்டு முழுத் தொடரையே வழங்குவது 1984 ஜூலையில் தொடங்கிய இந்தித் தொடர் 'ஹம் லோக்' காலத்துக் கதை.

கலர் எப்போது?

1982 ஆகஸ்ட் 15 சுதந்திர தின ஒளிபரப்பு, பிறகு அந்த நவம்பரில் டெல்லி ஆசிய விளையாட்டு. ஆனால் நிலையம் கலரில் அனுப்பியது வேறு, வீட்டில் கலர் பெட்டி இருந்தது வேறு. டயனோரா, சாலிடேர் என்று சென்னையிலேயே தயாரான கறுப்பு வெள்ளைப் பெட்டிகள்தான் எண்பதுகள் முழுக்க நடுத்தர வீடுகளின் வழக்கம். 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைக் கூட்டமாகப் பார்க்கும் காட்சிக்கும் கறுப்பு வெள்ளைப் பெட்டியே பொருத்தம்.

ஆன்டெனா ஏன் அவ்வளவு பெரிது? மொட்டை மாடிக் காட்சிக்கு அளவு வேண்டும்.

அளவு சேனலைப் பொறுத்தது. இந்திய முறையில் 2 முதல் 4 வரை கீழ் அலைவரிசை, 5 முதல் 12 வரை மேல் அலைவரிசை. எடுத்துக்காட்டாக, நான்காம் சேனல் 61 முதல் 68 மெகாஹெர்ட்ஸ். படத்தின் அலை 62.25, ஒலியின் அலை 67.75. இதற்கு அலைநீளம் சுமார் 4.65 மீட்டர். எனவே நடுவில் மடித்த குழாய் 2.2 மீட்டர், பின்னால் உள்ள நேர்க்குழாய் 2.3 மீட்டருக்குச் சற்று மேல், முன்னால் உள்ளது 2.1 மீட்டர் அளவில். பின்குழாய்க்கும் நடுவுக்கும் இடைவெளி 90 செ.மீ. சுமார். ஏழாம் சேனலுக்கோ நடுக்குழாய் வெறும் 74 செ.மீ. இன்று கடையில் பழைய சரக்காகக் கிடைக்கும் குட்டிக் குட்டிக் குழாய்கள் நிறைய வைத்த ஆன்டெனா மேல் அலைவரிசைக்கானது. கீழ்ச் சேனல் காட்சிக்கு அது வெளிப்படையான பிழை. நீளம் குறைந்த குழாய் பின்னால், நீளமானது முன்னால் என்று தலைகீழாக மாட்டுவதும் நடக்கிறது. குட்டையான குழாய் இருக்கும் பக்கம்தான் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். சென்னைக்குள் என்றால் சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலை இருக்கும் திசை.

ஆன்டெனாவிலிருந்து இறங்குவது தட்டையான இரட்டைக் கம்பி ரிப்பன் ஒயர், 300 ஓம். இதைக் கைப்பிடிச் சுவர் கம்பியோடு சேர்த்துக் கட்டினால் சிக்னல் பாதி போய்விடும். சுவரிலிருந்து பிளாஸ்டிக் தாங்கியில் தள்ளி நிறுத்தி, மீட்டருக்கு இரண்டு மூன்று முறுக்கு கொடுத்து இறக்குவார்கள். வெயிலில் அதன் உறை வெடித்து, மழை புகுந்தால் படம் மங்கும். காய்ந்ததும் தானே சரியாகும். கடலோரத்தில் உப்புக்காற்று பட்டு நடுக்குழாயின் திருகில் வெள்ளைப் பொடி பூக்கும். மாடியேறி ஆன்டெனாவை ஆட்டினால் படம் வருவதன் ரகசியம் பல நேரம் திசையல்ல, அந்தத் திருகுதான். காக்கை உட்கார்ந்து குழாயை வளைப்பது மூன்றாவது காரணம்.

எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு எளிய கணக்கு: கோபுர உயரத்தின் வர்க்கமூலத்தையும் ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தையும் (இரண்டும் மீட்டரில்) கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். 150 மீட்டர் கோபுரம், 9 மீட்டர் ஆன்டெனா என்றால் சுமார் 63 கி.மீ. அதைத் தாண்டியவர்கள் கம்பத்தை உயர்த்தி, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வைத்தார்கள். பூஸ்டரை டி.வி.க்குப் பின்னால் வைத்தால் ஒயரில் சேர்ந்த இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். கம்பத்தின் உச்சியில், ஆன்டெனாவுக்கு அடியிலேயே வைக்க வேண்டும்.

படத்தில் வரும் கோளாறுகளை எப்படிக் காட்டுவது? எது எதனால்?

உருளுவது: படம் மேலோ கீழோ ஓடிக்கொண்டே இருக்கும். 'வெர்ட்டிகல் ஹோல்டு' திருகைத் திருப்பினால் நிற்கும். மின்தேக்கி காய்ந்த பெட்டியில் சூடேறச் சூடேற மறுபடி ஓடும், ஆகவே ஒரு மாலையில் மூன்று நான்கு தடவை யாராவது எழுந்து போக வேண்டியிருக்கும். சாய்வது: படம் குறுக்குக் கோடுகளாகக் கிழிந்து சரிந்தால் அது 'ஹாரிசாண்டல் ஹோல்டு'.

சுருங்குவது: நான்கு பக்கமும் கறுப்பு ஓரம் வந்தால் மின்னழுத்தம் குறைவு. மாலை ஆறரை முதல் ஊரே விளக்குப் போடும் நேரம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 170, 180 வரும். அதற்குத்தான் பெட்டியின் பக்கத்தில் 'கடக்' என்று சத்தம் போடும் ஸ்டெபிலைசர்.

எறும்பு ஓடுவது: சிக்னல் போதவில்லை. ஆன்டெனா, ஒயர், தூரம் மூன்றில் ஒன்று. பக்கத்தில் ஸ்கூட்டர் கிளம்பினால் வரிவரியாகப் புள்ளி தெறிக்கும். அது வேறு, ஸ்பார்க் பிளக்கின் வேலை.

நிழல் விழுவது: ஒவ்வொரு உருவத்துக்கும் வலப்பக்கம் மங்கலாக இன்னொன்று. உயரமான கட்டடத்தில் பட்டுத் திரும்பிய அலை தாமதமாக வருவதால். எவ்வளவு தாமதம் என்று திரையிலேயே அளக்கலாம்: 51 செ.மீ. பெட்டியில் படத்தின் அகலம் சுமார் 40 செ.மீ.; மின்கற்றை அதைக் கடக்க 52 மைக்ரோ நொடி. நிழல் 8 மி.மீ. தள்ளி இருந்தால் தாமதம் ஏறக்குறைய ஒரு மைக்ரோ நொடி. அலை 300 மீட்டர் சுற்றி வந்திருக்கிறது என்று பொருள். இதற்கு பூஸ்டர் பயன்படாது, நிழலும் சேர்ந்து பெருகும். ஆன்டெனாவைக் கோபுரத்திலிருந்து சற்றே விலக்கி, எதிரொலிக்கும் கட்டடத்துக்கு முதுகு காட்டினால் குறையும். காட்சியில் நிழலை இடப்பக்கம் போட்டுவிடாதீர்கள்.

ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: வால்வு பெட்டி போட்ட உடனே படம் தராது. முதலில் ஒலி, அரை நிமிடம் போல் கழித்துத்தான் படம் மெல்லத் தெளியும். அணைத்தால் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி சுருங்கி மறையும். ஓடும்போது 15,625 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய கீச்சொலி இருக்கும். அது சிறுவர்களுக்குக் கேட்கும், தாத்தாவுக்குக் கேட்காது. பக்கத்து வீட்டில் டி.வி. போட்டுவிட்டார்கள் என்று படம் பார்க்காமலே குழந்தை சொல்வது சாத்தியமான காட்சிதான்.

தென் மாவட்டங்களில் என்ன பார்த்தார்கள்?

சென்னைக் கோபுரம் அங்கே எட்டாது. கொடைக்கானலில் சக்திவாய்ந்த ஒளிபரப்பி வரும்வரை ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கத்துக் கடலோர வீடுகள் பார்த்தது இலங்கையின் ரூபவாஹினியை. அது 1982 பிப்ரவரி 15 அன்று கலரிலேயே தொடங்கியது. நம்மைப் போல 625 வரி, 'பால்' (PAL) என்ற கலர் முறை என்பதால் பெட்டியில் மாற்றம் எதுவும் வேண்டாம். அதன் ஒளிபரப்பி இருந்த பிதுருதலாகல மலை 2,524 மீட்டர். மேலே சொன்ன கணக்கைப் போட்டால் 220 கி.மீ. வருகிறது; ராமேஸ்வரமோ சுமார் 300 கி.மீ. மீதித் தூரத்தைக் கடக்க வைத்தது கடல்மேல் படியும் சூடான காற்றடுக்கு, அலையை வளைத்துக் கொண்டுவரும். காற்று மாறினால் படம் போய்விடும். இன்று பளிச், நாளை எறும்பு என்று அவர்கள் சொல்வது மிகையல்ல.

காலப் பிழைகளில் அதிகம் நடப்பது எது?

'ராமாயணம்' தான். 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை, அதுவும் ஞாயிறு காலை. 1980-ல் நடக்கும் மாலைக் காட்சியில் அதற்கு வேலையில்லை. 'மகாபாரதம்' 1988 அக்டோபர் 2-க்குப் பிறகு. அடுத்தது ரிமோட்: அந்தக் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் கடக் கடக் என்று திருப்பும் குமிழ்தான், அதில் 12 எண் இருந்தாலும் படம் வருவது ஒன்றில் மட்டும். பெட்டிக்கு உரிமம் வாங்க வேண்டியிருந்ததையும் மறந்துவிடுகிறார்கள். வானொலிக்கு இருந்தது போல அஞ்சலகத்தில், எண்பதுகளின் நடுப்பகுதி வரை. தூர்தர்ஷனின் இரண்டாவது சேனல்கள் மெட்ரோ சேனலாக நான்கு பெருநகரங்களிலும் இணைந்தது 1993 ஜனவரி 26, சன் டி.வி. அந்த ஏப்ரல் 14. இந்தப் பக்கம் பேசும் ஆண்டுகளின் கதையில் 'சேனல் மாத்து' என்ற வசனம் உறுத்தும்.

அந்தக் கால நிகழ்ச்சிகளின் பதிவுகள் ஏன் கிடைப்பதில்லை?

நேரடியாகப் போனது காற்றோடு போனது. பதிவானவையும் விலை உயர்ந்த, இறக்குமதியான அகல நாடாக்களில்; நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் அழித்து அதிலேயே அடுத்ததைப் பதிவது உலகம் முழுக்க வழக்கம். வீட்டில் வி.சி.ஆர். பரவியது 1982-க்குப் பிறகு. ஆகவே எழுபதுகளின் பதிவு என்று இணையத்தில் வருவதைச் சந்தேகத்தோடு பாருங்கள்: மூலையில் நிலையச் சின்னம் நிலையாக இருந்தால் பிற்கால மறு ஒளிபரப்பு.

பழைய பெட்டியில் இன்று படம் வரவைக்க முடியுமா?

முடியும். காற்றில் சிக்னல் இல்லை. தரைவழி அனலாக் ஒளிபரப்பு அநேகமாக முழுதும் நின்றுவிட்டது. ஆர்.எஃப். மாடுலேட்டர் என்ற சிறு பெட்டி வாங்கி, பிளேயரின் மஞ்சள், வெள்ளை ஒயரை அதில் கொடுத்து, அதன் வெளியீட்டை ஆன்டெனா முனையில் செருக வேண்டும். பால் பி/ஜி வகையாகப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்க வகையில் படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 4.5 மெகாஹெர்ட்ஸ், நம் பெட்டிக்கு 5.5, படம் வரும், ஒலி வராது. பெட்டியின் முனை 300 ஓம், மாடுலேட்டர் 75 ஓம், நடுவே 'பாலன்' என்ற கட்டைவிரல் அளவு இணைப்பு தேவை.

பல வருடம் கிடந்த பெட்டியை நேராக மின்சாரத்தில் செருகாதீர்கள். காய்ந்த மின்தேக்கிகள் வெடிக்கும். 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்துப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே குறுக்கிணைப்பு, உடனே அணையுங்கள். எரிந்து மங்கினால் மேற்கொண்டு போகலாம். பின்மூடியைத் திறப்பவருக்கு இரண்டு எச்சரிக்கை. பல பெட்டிகளில் உள்ளிருக்கும் உலோகச் சட்டமே மின்கம்பியோடு நேராக இணைந்திருக்கும். தனிமைப்படுத்தும் மின்மாற்றி இல்லாமல் தொடக்கூடாது. பிக்சர் டியூபின் ரப்பர் தொப்பிக்கு அடியில் 15,000 வோல்ட் அளவுக்கு இருக்கும், அணைத்த பிறகும் தங்கும். நீளமான திருப்புளியின் உலோகத்தில் ஒயர் கட்டி, மறுமுனையை டியூபைச் சுற்றியுள்ள நிலக்கம்பியில் மாட்டி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, திருப்புளி நுனியைத் தொப்பிக்கு அடியில் நுழைத்து இறக்குங்கள். 'சட்' என்று ஒரு சத்தம் வரும். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள், மிச்சம் மீண்டும் சேர்ந்திருக்கும்.